32 கட்டங்களில் ஓர் ஆவர்த்தனம்: சேலத்தில் தைத்து வாங்கிய சுரப் புத்தகம்

கர்நாடக இசையைக் கையால் எழுதிக் கற்பிப்பதற்கென்றே கட்டம் அச்சிட்டுத் தைத்த புத்தகம் ஒன்றை, சேலம் பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய குறுக்குத்தெருவில் இருக்கும் ஒரு பைண்டிங் கடையில் சொல்லிச் செய்து வாங்கினேன். சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் முதல் 20 பிரதிகள் கைக்கு வந்தன. இவ்வாண்டு மாசியில் திருத்திய வடிவில் மேலும் 30 பிரதிகள் வந்தன. அஸ்தம்பட்டியில் என் வீட்டிலும், சனிக்கிழமைகளில் ஏற்காட்டிலும் நான் நடத்தும் வகுப்புகளில் இரண்டு வடிவங்களும் நன்றாகப் புழங்கிவிட்டன. இத்தகைய புத்தகத்தைத் தேடும் ஆசிரியர்களும் பெற்றோரும் இருக்கிறார்கள் என்பதால், அதன் நிறைகளையும் குறைகளையும் விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் வழக்கமாக எழுதும் சுரக்குறிப்பு முறை நல்ல முறைதான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மேலும் நீட்ட வேண்டுமானால் காற்புள்ளிக்கு ஒன்று, அரைப்புள்ளிக்கு இரண்டு. எழுத்துகளின் மேல் ஒரு கோடு இழுத்தால் இரண்டாம் காலம், இரு கோடுகள் இழுத்தால் மூன்றாம் காலம். 1904ஆம் ஆண்டில் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தபோது, சுரத்தை அசைத்தும் வளைத்தும் பாடும் கமகங்களுக்குக்கூடத் தனித்தனி அடையாளங்கள் அமைந்துவிட்டன. அச்சில் படிக்கும் தேர்ந்த வித்துவானுக்கு இவை போதும். இடர்ப்பாடு வருவது எழுதும் கைக்கும், கற்கத் தொடங்கும் பிள்ளையின் கண்ணுக்கும்தான். கையெழுத்தில் ‘ரி’ அகலமாக விழுகிறது, ‘ப’ ஒடுங்கி நிற்கிறது, காற்புள்ளியோ இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி மங்கிவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளை காற்புள்ளியை ஓர் எழுத்தாகவே கருதுவதில்லை. அதைத் தாண்டி அடுத்த சுரத்துக்கு ஓடிவிடுகிறது. சுரம் நீளும் இடமான கார்வையை விழுங்கிப் பாடும் பழக்கம் இப்படித்தான் படிகிறது என்பது என் அனுபவம், அதைப் பின்னால் திருத்துவதற்கு மாதக்கணக்கில் ஆகிறது.

கட்டம் இந்த இடத்தில்தான் உதவுகிறது. ஒரு கட்டம் ஒரு மாத்திரை என்று வைத்துக்கொண்டால், சுரம் தொடங்கும் கட்டத்தில் எழுத்து நிற்கும், அது நீளும் கட்டங்கள் காலியாக இருக்கும். அந்தக் காலியிடத்தின் மேல் பிள்ளையின் விரல் நகர்ந்தாக வேண்டும். மேலைநாட்டு ஐந்து கோட்டு முறையில் ஒரு சுரத்தின் நீளத்தை அதன் உருவம் சொல்கிறது. அது தாளில் அடைத்துக்கொள்ளும் இடம் சொல்வதில்லை. கட்ட முறையில் இடமே நீளமாகிவிடுகிறது. கொரியாவில் 15ஆம் நூற்றாண்டிலேயே செஜோங் மன்னர் ஏற்படுத்திய ஜொங்கன்போ என்னும் முறை இதுவே: நெடுக்கான வரிசைகளில் கட்டங்களை அடுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் சுரத்தின் பெயரை எழுதி, மேலிருந்து கீழாகப் படிப்பார்கள். வட இந்தியாவில் பாத்கண்டே முறையில் எழுதப்பட்ட பந்திஷ் என்னும் பாடல்களைப் பார்த்தவர்களுக்கும் இது புதிதாகத் தோன்றாது, ஏனென்றால் தீன்தாளத்தின் 16 மாத்திரைகளும் அங்கே பத்தி பத்தியாகப் பிரிந்து நிற்கின்றன. ஆப்பிரிக்கத் தாளங்களைக் கற்பிப்பதற்காக 1962இல் அமெரிக்காவில் ஃபிலிப் ஹார்லண்ட் வகுத்த முறையும் கட்டத்துக்கு ஒரு கால அலகு என்ற ஒரே விதியின்மேல் நிற்கிறது. ஆகவே நான் கேட்டுச் செய்வித்தது புதுமையான பொருளன்று. நம் தாளங்களுக்கும் தமிழ் எழுத்துக்கும் ஏற்றபடி கோடு போட்ட தாள், அவ்வளவே.

அதற்கு முன்பு பல ஆண்டுகள் மடித்த தாளில்தான் சமாளித்தேன். ஒரு வெள்ளைத்தாளை நீளவாக்கில் மூன்று முறை பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுப் பத்திகள் கிடைக்கும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைகளான எட்டு அட்சரங்களுக்கு அதுவே போதும். தொடக்கப் பயிற்சிகளான சரளி வரிசைக்கும் ஜண்டை வரிசைக்கும் இன்றும் மடித்த தாளையே பரிந்துரைப்பேன். கடையில் கிடைக்கும் கட்டம் போட்ட கணக்கு நோட்டில், அட்சரத்துக்கு நான்கு கட்டம் வீதம் ஆதி தாளத்துக்கு வேண்டிய 32 கட்டங்கள் ஒரு வரிக்கு அமைவதில்லை. தாளத்தின் ஒரு முழுச் சுற்றான ஆவர்த்தனம் நடுவில் உடைந்து அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. மில்லிமீட்டர் வரைபடத்தாளிலோ கோடுகளின் நெருக்கத்தில் எழுத்து மறைந்துவிடுகிறது.

பைண்டிங் கடைக்காரர் அறுபதைக் கடந்தவர். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. பெரும்பாலும் அலுவலகப் பேரேடுகளும் கல்லூரி ஆய்வேடுகளும் தைக்கிறார். அச்சு வேலையைப் பக்கத்திலுள்ள ஆஃப்செட் அச்சகத்தில் செய்து வாங்குகிறார். நான் வரைந்து கொண்டுபோன மாதிரித் தாளைப் பார்த்தவுடன், “இது எங்க டிசைன் கிராஃப் மாதிரியேதாங்க டீச்சர்” என்றார். இளவயதில் அம்மாப்பேட்டையில் பட்டுத்தறிக்குப் பூவேலை வரைந்து கொடுத்தவராம். ஜக்கார்டு தறிக்கு முதலில் கட்டத்தாளில் உருவத்தை வரைந்து, எந்த ஊடைக்கு (குறுக்கிழைக்கு) எந்தப் பாவிழை (நெட்டிழை) மேலே எழ வேண்டும் என்பதைக் கட்டத்துக்குக் கட்டம் குறித்து, அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள். கட்டம் நிரம்பியிருந்தால் இழை எழும். காலியாக இருந்தால் எழாது. காலியான கட்டமும் ஒரு செய்தியே என்பதை நான் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் சொன்ன ஒரு திருத்தம்தான் இந்தப் புத்தகத்தை உருப்படியாக்கியது. நான் சதுரக் கட்டங்கள் வரைந்திருந்தேன். “கட்டம் சதுரமாத்தான் இருக்கணும்னு இல்லீங்க, பாவும் ஊடையும் நெருக்கம் மாறினா எங்க கட்டமும் மாறும்” என்று சொல்லி, அகலத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டச் சொன்னார். அதன்படி ஆதி தாளப் பக்கத்தில் ஒரு கட்டம் 8 மி.மீ. அகலமும் 10 மி.மீ. உயரமும் கொண்டது. ஏ4 தாளைக் கிடைவாக்கில் வைத்தால் 297 மி.மீ. அகலம் கிடைக்கிறது. அதில் 32 கட்டங்களுக்கு 256 மி.மீ. போக, தையல் ஓரத்துக்கு 25, வெளி ஓரத்துக்கு 16 என்று அளவு கச்சிதமாக முடிந்தது. சுரக்கட்டத்தின் அடியில் சாகித்தியத்துக்கு 7 மி.மீ. உயரத்தில் ஒரு வரி, பிறகு 3 மி.மீ. இடைவெளி. இப்படி ஒரு பக்கத்துக்கு 9 ஆவர்த்தனங்கள் எழுதலாம், தலைப்பில் ராகத்தின் ஆரோகண அவரோகணம் எழுதவும் இடம் இருக்கிறது. நான்கு கட்டங்களுக்கு ஒருமுறை சற்று அழுத்தமான கோடும், நான்கு அட்சர அங்கமான லகு முடியும் 16ஆம் கட்டத்திலும், இரண்டு அட்சர அங்கமான துருதங்களில் முதலாவது முடியும் 24ஆம் கட்டத்திலும் தடித்த கோடும் வருகின்றன. தாளத்தின் அங்கங்கள் எழுதுவதற்கு முன்பே பக்கத்தில் தெரிகின்றன.

கட்டத்தின் உயரம் கூடியதால் விளைந்த நன்மை தமிழில் எழுதுபவர்களுக்கே முழுதும் புரியும். மேல் ஸ்தாயியைக் குறிக்க எழுத்தின் தலையில் புள்ளி வைக்கிறோம். தமிழில் ‘ச’வின் தலையில் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்தாகிவிடுகிறது. தெலுங்கிலோ கன்னடத்திலோ எழுதுபவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. பிள்ளைகள் மேல் ஸ்தாயி ‘ச’வான தார சட்ஜத்தை ‘ச்’ என்று படித்துத் தயங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இப்போது ஸ்தாயிப் புள்ளியை எழுத்தின் தலையில் வைக்காமல் கட்டத்தின் மேல்விளிம்பை ஒட்டி வைக்கச் சொல்கிறேன். மந்தர ஸ்தாயிக்குக் கீழ்விளிம்பு. எழுத்துக்கும் புள்ளிக்கும் இடையே போதிய வெளி இருப்பதால் தயக்கம் மறைந்துவிட்டது.

புத்தகத்தின் பயன் மிகத் தெளிவாகத் தெரிவது, தாளத்தில் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பிலும், சொற்களை மும்முறை வாசித்து முடிக்கும் தீர்மானத்திலும்தான். தாளச் சுற்றின் தொடக்கமான சமத்திலிருந்து ஒன்றரை அட்சரம் தள்ளித் தொடங்கும் கிருதியை எழுதும்போது, முதல் ஆறு கட்டங்களை விட்டுவிட்டு ஏழாவதில் முதல் எழுத்தை வைக்கிறோம். அந்த ஆறு வெற்றுக் கட்டங்களைக் கையால் தாளம் போட்டபடி கண்ணால் கடந்த பிறகே வாய் திறக்க வேண்டும் என்பது, சொல்லிக் கொடுக்காமலே பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது. மிருதங்கம் பயிலும் மாணவர் ஒருவருக்குத் தீர்மானக் கணக்கை இதில் காட்டினேன். ‘ததிகிணதொம்’ என்னும் ஐந்து சொல்லை மூன்று முறை, நடுவே இரண்டிரண்டு மாத்திரை கார்வையுடன் வாசித்துச் சமத்தில் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஐந்து பதினைந்து, கார்வை நான்கு, ஆக 19. பக்கத்தின் வலக்கோடியிலிருந்து பின்னோக்கி 19 கட்டங்களை எண்ணி விரல் வைத்தால், 14ஆம் கட்டத்தில் நிற்கிறது. தொடங்க வேண்டிய இடம் அதுதான், முன்னே நிரப்ப வேண்டியவை 13 கட்டங்கள். கழித்தல் கணக்காக மனத்தில் போட்டபோது ஒவ்வொரு முறையும் ஒரு மாத்திரை முன்பின்னாகப் போய்க்கொண்டிருந்த அந்த மாணவர், கட்டத்தில் பார்த்த அன்றே கார்வையை இரண்டிலிருந்து மூன்றாக்கினால் தொடக்கம் 12ஆம் கட்டத்துக்கு நகரும் என்பதைத் தாமே கண்டுபிடித்தார். என் பல ஆண்டு வகுப்புகளில் இவ்வளவு மகிழ்ச்சி தந்த நாள்கள் அதிகமில்லை.

ஓர் அட்சரத்தை எத்தனையாகப் பிரிக்கிறோம் என்னும் நடை மாறும்போது கட்டத்தின் எல்லை தெரிகிறது. நான்காகப் பிரித்த அட்சரத்துக்குள் திஸ்ர நடையின் மூன்று அடங்காது. இரண்டுக்கும் பொதுவாக 12ஆகப் பிரித்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 96 கட்டங்கள் வேண்டியிருக்கும். அத்தனையை ஒரு வரியில் எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது. அதனால் திஸ்ர நடைக்குத் தனிப் பக்கங்கள் கேட்டேன். 10.5 மி.மீ. அகலத்தில் வரிக்கு 24 கட்டங்கள் உள்ள 16 பக்கங்கள் அமைந்தன. எட்டு மூன்று 24 என்பதால் ஆதி தாள திஸ்ர நடைக்கும், ஆறு நான்கு 24 என்பதால் ரூபக தாளத்துக்கும் அதே பக்கம் பொருந்துகிறது. இங்கே தடித்த கோடு போடாமல், மேல் விளிம்பில் மூன்றுக்கு ஒரு குறியும் கீழ் விளிம்பில் நான்குக்கு ஒரு குறியும் வைத்திருக்கிறார்கள். ‘ம ப | த ச ச ரி’ என்று தொடங்கும் ரூபக தாள மலஹரி ராகக் கீதத்தை எழுதும் பிள்ளை கீழ்க்குறியைப் பார்க்கும், திஸ்ர நடையில் அலங்காரம் எழுதும் பிள்ளை மேற்குறியைப் பார்க்கும். மிச்ர சாபு என்னும் தாளத்துக்கு ஆவர்த்தனத்துக்கு 14 கட்டங்கள் வீதம் வரிக்கு இரண்டு ஆவர்த்தனங்கள் உண்டு. கண்ட ஜாதி அட தாளத்தின் 14 அட்சரங்களையும் அட்சரத்துக்கு இரண்டு கட்டமாக அந்த வரியிலேயே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். கட்டங்களின் எண்ணிக்கை பொருந்துகிறது, தடித்த கோடுகள் பொருந்தவில்லை. அட தாள வர்ணம் எழுத விரும்புபவர்கள் ஸ்கேலை வைத்து 10, 20, 24ஆம் கட்டங்களில் தாங்களே கோடு இழுத்துக்கொள்ள வேண்டும்.

புத்தகத்தின் கடைசி 16 பக்கங்கள் வேறு வகை. இவற்றில் கிடைவாக்கில் காலமும் செங்குத்தாகச் சுரத்தானங்களும் இருக்கின்றன: கீழ்ச் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரை 13 நிரைகள். கணினியில் இசை அமைப்பவர்கள் பியானோ ரோல் என்று அழைக்கும் அமைப்பு இது. நம் 16 சுரப்பெயர்களும் 12 இடங்களில் எப்படி அடங்குகின்றன என்பதை விளக்க இதைவிட நல்ல பக்கம் இல்லை, ஏனெனில் சதுசுருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே நிரையில்தான் விழுகின்றன. ஆயினும் நான் இப்பக்கங்களை மதிப்பது கமகத்துக்காக. எழுத்தை மட்டும் கட்டத்தில் வைக்கும் முறை கமகத்தைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. தோடியின் காந்தாரத்தை ‘க’ என்று ஒரு கட்டத்தில் எழுதிவைத்தால், அதைப் பார்த்துப் பாடுபவர் தோடியைப் பாடமாட்டார். இந்தப் பக்கத்தில் அதே காந்தாரத்தை ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசையும் ஒரு வளைகோடாகப் பென்சிலால் வரைந்து காட்ட முடிகிறது. முதலில் நான் பாடுவேன். பிள்ளைகள் கேட்டபடி வரைவார்கள். பிறகு வரைந்ததைப் பார்த்துப் பாடுவார்கள். வரைந்த கோடு தவறாக இருந்தால் எங்கே தவறாகக் கேட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது. மந்தர ஸ்தாயிப் பஞ்சமம் வரை கீழே சில நிரைகள் கூட்டியிருக்க வேண்டும். அதைக் கேட்க மறந்தது என் பிழை.

இனிக் குறைகள். முதற் பதிப்பில் கோடுகளை வெளிர்நீலத்தில் அச்சிடச் சொன்னேன், எழுத்தைக் கோடு அமுக்கிவிடக் கூடாது என்று எண்ணி. கண்ணுக்கு அது இதமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வர்ணத்தை எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தபோது, கறுப்பு வெள்ளை இயந்திரம் வெளிர்நீலத்தை எடுக்காமல் விட்டுவிட்டது. கட்டங்கள் எல்லாம் மறைந்து, எழுத்துகள் மட்டும் வெள்ளைத்தாளில் சிதறிக் கிடந்தன. எந்தப் பயனுக்காகப் புத்தகம் செய்தோமோ அதுவே படியில் இல்லாமல் போயிற்று. இரண்டாம் பதிப்பில் கோடுகள் இளம்பழுப்பு நிறத்தில் வந்தன. அவை ஜெராக்ஸில் மெலிதாக விழுகின்றன. சொல்லிச் செய்பவர்கள் நிறத்தை முடிவு செய்யும் முன் ஒரு தாளைப் படியெடுத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது குறை தாளின் இழையோட்டம். காகிதத்தில் நார்கள் ஒரு திசையில் ஓடும். ஈரம் பட்டால் அந்தத் திசைக்குக் குறுக்கே தாள் விரியும். இழையோட்டம் தையலுக்கு இணையாக இருந்தால் புத்தகம் படிந்து கிடக்கும். குறுக்காக இருந்தால் ஓரங்கள் சுருண்டுகொள்ளும். கிடைவாக்கில் தைக்கும் புத்தகத்துக்குத் தையல் குறுகிய பக்கத்தில் வருவதால் தாளை வழக்கத்துக்கு மாறாக வெட்ட வேண்டும், முதல் முறை அதை யாரும் கவனிக்கவில்லை. சேலத்து வெயிலில் இது தெரியவில்லை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்கு, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து புத்தகங்களைக் கொண்டுசென்ற முதல் மழைக்கால வகுப்பிலேயே, மூடுபனி நுழைந்த அறையில் ஒரு மணி நேரத்துக்குள் பக்கங்கள் அப்பளம் போல வளைந்துவிட்டன. ஊற்றுப்பேனா மையும் பரவியது. இரண்டாம் பதிப்பில் வெட்டும் திசையை மாற்றி, 80 ஜிஎஸ்எம் தாளுக்குப் பதில் 100 ஜிஎஸ்எம் தாள் போட்டுக் கொடுத்தார். வளைவு நின்றுவிட்டது. மலையில் ஊற்றுப்பேனாவை இன்னும் தவிர்க்கிறேன், 2பி பென்சில் எந்தத் தொல்லையும் தருவதில்லை.

அச்சுப் பொருத்தத்திலும் முதற் பதிப்பில் பிசகு இருந்தது. தாளின் முன்பக்கக் கட்டங்களும் பின்பக்கக் கட்டங்களும் நேர்படாமல், மறுபுறக் கோடு நிழலாகத் தெரிந்து இரண்டு கோடுகள் போலத் தோன்றியது. கனமான தாள் வந்தபின் இது பெருமளவு குறைந்திருக்கிறது, முற்றிலும் நீங்கவில்லை. தாமதத்தையும் சொல்ல வேண்டும். மாசி முகூர்த்த நாள்களில் அச்சகம் திருமண அழைப்பிதழ்களில் மூழ்கியிருந்ததால், பத்து நாளில் தருவதாகச் சொன்ன வேலை ஐந்து வாரங்கள் ஆயிற்று. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் நிலைமையை மறைக்காமல் சொன்னார் என்றாலும், தைப்பூசத்துக்குப் பின் சேர்ந்த புதிய மாணவர்கள் அதுவரை மடித்த தாளிலேயே எழுத நேர்ந்தது.

தையலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாரம் பாரமாக (மடித்த தாள்கட்டுகளாக) நூலால் தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டியிருக்கிறார். நாம் தரையில் அமர்ந்து வலக்கையால் தாளம் போடுகிறோம். இடக்கை சுருதிப்பெட்டியிலோ வீணையிலோ இருக்கும். பக்கத்தைப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. பசை மட்டும் வைத்து ஒட்டிய புத்தகம் தானாக மூடிக்கொள்ளும். இது எந்தப் பக்கத்தில் விரித்தாலும் தரையோடு தரையாகப் படிந்து கிடக்கிறது. பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்னும் முதற் பதிப்பின் பிரதிகளில் ஒரு தாள்கூடக் கழன்றுவரவில்லை.

128 பக்கங்கள் கொண்ட புத்தகம் இரண்டாம் முறை பிரதிக்கு 340 ரூபாய் ஆயிற்று. 20 பிரதிகளுக்குக் குறைவாக அச்சிட அச்சகம் ஒப்புவதில்லை என்பதால், ஒரே ஒரு மாணவருக்காக வாங்க நினைப்பவர்களுக்கு இது ஏற்றதன்று. இரண்டு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து சொல்லிச் செய்துகொள்ளலாம். கீதத்திலிருந்து வர்ணம் வரை கற்கும் பிள்ளைகளுக்கும், தாளவாத்தியம் பயில்பவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். பல கிருதிகள் பாடமான மாணவர்களிடமிருந்து இதை நானே வாங்கி வைத்துவிடுகிறேன், ஏனெனில் அந்த நிலையில் கண் தாளை விட்டு விலகிக் காது முன்னே வர வேண்டும்.

மூன்றாம் பதிப்புக்குக் கண்ட சாபு என்னும் தாளத்துக்கான பக்கங்கள் வேண்டும் என்று சென்ற வாரம் மாதிரித் தாள் கொடுத்திருக்கிறேன். ஆவர்த்தனத்துக்கு 10 கட்டங்கள், வரிக்கு மூன்று ஆவர்த்தனங்கள், ஆக 30 கட்டங்கள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பத்துக் கட்டங்களுக்கு ஒருமுறை மட்டும் கோட்டைத் தடித்துவிட்டால் போதுமா, நடுவிலும் பிரிக்க வேண்டுமா என்று கேட்டார். நான் கையில் இரண்டும் மூன்றுமாகத் தட்டிக் காட்டினேன். நான்காம் கட்டத்தின் வலப்பக்கக் கோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டு, ஐப்பசிக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.